இரவல்

குட்டாய்ஸியில் அந்த ஜனவரி
மின்சாரம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்.
எந்த இரண்டு என்று யாரும் சொல்லவில்லை.
தகர அடுப்பின் குழாய் ஜன்னல் கண்ணாடியைத் துளைத்து
ரியோனி ஆற்றுப் பக்கம் புகையை அனுப்பிக்கொண்டிருந்தது.

முதலில் செய்தித்தாள்களை எரித்தேன்.
பிறகு ஒரு நாற்காலி.
பிறகு, சொல்ல விரும்பாத சில.
செவ்வாய்க்கிழமை, நான்கு இலக்க அட்டவணைப் புத்தகம்.
சைன்கள் நன்றாக எரிந்தன.
டான்ஜென்ட் பக்கங்களில் ஈரம்.

புதன் இரவு நுழைவுத்தேர்வு விடைத்தாள்கள்
மேசைக்கு வந்தபோது
வீட்டில் ஒரு தசமம்கூட மிச்சமில்லை.

நான்காம் கேள்வி:
இருபது, நாற்பது, எண்பது பாகைகளின்
கோசைன்களைப் பெருக்குக. துல்லியமான மதிப்பு தேவை.

தேர்வறையில் அட்டவணை கொடுத்தது எங்கள் தவறு.
தாளுக்குத் தாள்
புள்ளி ஒன்று இரண்டு நான்கு ஒன்பது ஆறு,
பக்கத்தில் "ஏறக்குறைய".

ஏறக்குறைய எனக்குத் தெரியும்.
நூற்றுநாற்பது பேருக்கு ரொட்டி வரும், ஏறக்குறைய,
என்றார்கள் காலையில்.
என் உள்ளங்கையில் ஊதா மையில்
நூற்று முப்பத்தெட்டு
இன்னும் அழியவில்லை.

தாள் எண் இருநூற்றுப் பதினேழு.
ஒரே வரி. அரைக்கால்.
எட்டில் ஒன்று, அவ்வளவுதான்.
வந்த வழியைக் காணோம்.
வழியில்லாத விடைக்கு மதிப்பெண் இல்லை.

சிவப்புப் பென்சிலின் முனை உடைந்திருந்தது.
கத்தி தேடிக் கை நீட்டுகையில்
தாள் விளக்கின் குறுக்கே வந்தது.

அழித்திருந்தது.
ரப்பர் கரியை எடுத்துப் போயிருந்தது,
பள்ளங்களை விட்டுவிட்டு.
அழுத்தி எழுதும் கை.

முதல் பள்ளத்தில், கேள்வியில் இல்லாத ஒன்று:
சைன் இருபது.
யாரும் கூப்பிடாமல் வந்து
பெருக்கலின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தது,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.

அது கோசைன் இருபதோடு சேர்ந்து
சைன் நாற்பதில் அரை ஆனது.
அடுத்து நின்ற கோசைன் நாற்பதைத் தொட்டு
சைன் எண்பதில் கால்.
கோசைன் எண்பதையும் விழுங்கி
சைன் நூற்றறுபதில்
அரைக்கால்.

நூற்றறுபது,
நூற்றெண்பதுக்கு இருபது குறைவு.
பாலத்தின் அந்த முனையிலிருந்து இருபது அடி,
இந்த முனையிலிருந்து இருபது அடி:
வளைவின் உயரம் ஒன்றே.
வேறு பெயரில் நின்றாலும்
வந்தவள்தான் அவள்.
வகுத்து வழியனுப்பினால்
மேசையில் இருப்பது அரைக்கால்,
பிசிறில்லாமல்,
ஏறக்குறைய இல்லாமல்.

ஜன்னலோரம் கம்பளியில் சுற்றிய ஜாடி.
மாலையில் எதிர்வீட்டு த்சியாலா
ஒரு கரண்டி மட்ஸோனி தந்தாள், பாலுக்கு உறை ஊற்ற.
விடிந்ததும் ஒரு கரண்டி திருப்பித் தர வேண்டும்.
கொடுத்தது அதுதானா என்று
அவள் கேட்பதில்லை.

இந்தப் பிள்ளை ஏன் அழித்தது?
கேள்வியில் இல்லாததைக் கொண்டுவருவது
திருட்டு என்று நினைத்திருக்கும்.
அல்லது, கடன் வாங்கிச் சமைத்ததை
விருந்தாளிக்குச் சொல்லாத வீட்டுப் பிள்ளையோ என்னவோ.
இந்தக் குளிர்காலத்தில்
அந்த மாதிரி வீடுகள் அதிகம்.

அழித்ததைப் படித்து மதிப்பிடக் கூடாது
என்றும் ஒரு விதி உண்டு.
அது இருந்த கையேடு
நாற்காலிக்குப் பின்,
அட்டவணைக்கு முன் எரிந்தது.

ஐந்துக்கு நான்கு போட்டேன்.
அடித்து நீக்குமுன்
சைன் இருபது பூஜ்யமல்ல என்று
ஒரு வார்த்தை எழுதியிருக்க வேண்டும்.
பள்ளங்களில்கூட அது இல்லை.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
மண்ணெண்ணெய் தீரும் வரை.